சுழற்றினால் பேசும் ரேடியோ: லயத்துக்கு ஒன்று வேண்டும்



வெள்ளம் வந்தால் தோட்டத்தில் முதலில் மூழ்குவது எது? ஆற்றோரத்து நிரை என்பார் பால் வெட்டும் தோழர். அடுப்படி என்பார் அவர் வீட்டு அம்மா. நான் ஒரு கிராணி. நான் கண்டவரையில் முதலில் மூழ்குவது செய்திதான். மின்சாரம் நின்ற சில மணி நேரத்துக்குள் கைத்தொலைபேசிக் கோபுரத்தின் பாட்டரியும் தீர்ந்து போகிறது. நம் கையில் இருக்கும் போன் டார்ச் விளக்காகிப் பிறகு அதுவும் அணைந்து விடுகிறது. அதற்கு மேல் யார் வாயில் எது வருகிறதோ அதுவே செய்தி.

கையால் சுழற்றி, பாட்டரி வாங்காமலே கேட்கக்கூடிய சிறிய ரேடியோவைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "சம்பளப் பிரச்சினையும் வீட்டுப் பிரச்சினையும் கழுத்தளவு நிற்கையில் இந்தக் கிராணிக்கு ரேடியோ கேட்கிறதா?" என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். முழுவதையும் படித்துவிட்டு ஏசட்டும், ஏற்றுக்கொள்கிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் தோட்டம் ஜொகூரில் இருக்கிறது. பாதி கித்தா, பாதி செம்பனை. ஸ்டோரில் சிவப்பு நிறப் பெட்டி ஒன்று உண்டு. வெள்ளக் காலத்துக்கென்று எப்போதோ வாங்கி வைத்தது. கயிறு, கட்டுத்துணி, மருந்து, டார்ச் லைட் இரண்டு, டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்று. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைப் பார்த்துக் கணக்குப் புத்தகத்தில் குறித்துக் கையெழுத்திட வேண்டியது என் பொறுப்பு. "ரேடியோ 1, நல்ல நிலை" என்று நான்கு ஆண்டுகளில் எட்டு முறை எழுதியிருக்கிறேன். எட்டு முறையும் பெட்டி மூடியைத்தான் திறந்தேன். ரேடியோவின் முதுகைத் திறந்து பார்க்கவே இல்லை.

2023 மார்ச்சில் ஜொகூரில் வெள்ளம் வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். சிகாமட், பத்து பஹாட், யோங் பெங் என்று பல பகுதிகளில் தண்ணீர் ஏறி, 40,000 பேருக்கு மேல் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். எங்கள் தோட்டத்தில் கீழ்லயத்துக்குள் தண்ணீர் வந்த முதல் இரவே மின்சாரம் போயிற்று. குடும்பங்களை மேட்டிலிருந்த மண்டபத்துக்கு ஏற்றினோம். மறுநாள் மத்தியானத்துக்குள் போன் சிக்னல் ஒழிந்தது. அப்போதுதான் சிவப்புப் பெட்டி நினைவுக்கு வந்தது. எடுத்துத் திறந்தால், பாட்டரிகள் எப்போதோ கசிந்து வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தன. உள்ளே இருந்த கம்பிச் சுருளை விரலால் தொட்டேன், பொடியாக உதிர்ந்தது. டார்ச் லைட்டும் அதே கதி. புதிய பாட்டரி வாங்கலாமென்றால் கடை இருக்குமிடம் தண்ணீருக்குள் இருக்கிறது.

காரில் ரேடியோ இல்லையா என்பீர்கள். தோட்டத்தில் நின்ற இரண்டு கார்களும் கதவு மட்டத்துக்கு மூழ்கியிருந்தன. லாரி அக்கரையில் மாட்டிக்கொண்டது. நம் ஜனங்களிடம் இருப்பது மோட்டார் சைக்கிள். அதில் ரேடியோ ஏது?

அன்று இரவு பத்து மணி இருக்கும். டிராக்டரில் வந்த யாரோ ஒருவர், "அணையைத் திறந்துட்டாங்களாம், தண்ணி இன்னும் பத்தடி ஏறுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் சொன்னது, எந்த அணை, எப்போது என்று கேட்க ஆளில்லை. மண்டபம் கலகலத்துப் போயிற்று. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, இருட்டிலும் மழையிலும் பால் ஃபேக்டரி இருக்கும் மேட்டுக்கு நடந்தார்கள். நானும் நடந்தேன். பாதி வழியில், முப்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தோட்டத்திலேயே மரம் வெட்டி ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர் கால் தவறிக் கானுக்குள் விழுந்தார். தூக்கினோம். இடுப்பெலும்பு போயிற்று என்பது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

ஃபேக்டரி வாசலில் காவலுக்கு இருந்தவர் ஒரு நேபாளத் தோழர். 2015-இல் அவர் நாட்டில் ஏற்பட்ட பூகம்பத்துக்குப் பிறகு, ஊருக்குப் போகும்போது கொண்டு போகலாமென்று ஒரு சிறு ரேடியோ வாங்கி வைத்திருந்தார். பக்கவாட்டில் மடக்கிவிடும் கைப்பிடி. அதை விரித்துச் சுற்றினார். கரகரவென்று சத்தம் வந்தது. முள்ளை நகர்த்தி நகர்த்தித் தமிழ்க் குரல் ஒன்றைப் பிடித்தோம். அடுத்த செய்தி நேரம் வரும்வரை பிள்ளைகள் முறை வைத்துச் சுற்றினார்கள். செய்தி வந்தது. எங்கள் வட்டாரத்தில் எந்தெந்தப் பள்ளிக்கூடத்தில் நிவாரண மையம் இருக்கிறது என்று சொன்னார்கள். ஆற்றில் நீர் இறங்கத் தொடங்கியதாகவும் சொன்னார்கள். அணை என்ற சொல்லே அதில் இல்லை.

சாக்கின் மேல் படுத்திருந்த பாட்டி அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, ஆபீஸ்ல ஒரு ரேடியோ இருந்திச்சே, அது என்னாச்சுங்க?"

நான் பதில் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லாத பதிலை இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

இனி அந்தக் கருவியைப் பற்றி. இதில் மாயமொன்றும் இல்லை. பழைய சைக்கிளில் டைனமோ விளக்கு வைத்து ஓட்டியவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். சக்கரம் உருண்டால் டைனமோவின் தலை சுழலும், உள்ளே காந்தம் சுழலும், சுற்றியிருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும், விளக்கு எரியும். நின்றால் அணையும். இந்த ரேடியோவிலும் அதேதான். சக்கரத்துக்குப் பதில் கைப்பிடி. கை மெதுவாகச் சுற்றுவதைப் பற்சக்கரங்கள் வேகமாக்கி டைனமோவுக்குக் கொடுக்கின்றன. நின்றவுடன் அணையாமலிருக்க, பிறந்த மின்சாரத்தை உள்ளேயுள்ள சிறு மின்கலம் சேமித்து வைக்கிறது.

கையால் சுற்றினால் எவ்வளவு மின்சாரம் வரும்? மிகவும் கொஞ்சம், சிறிய கைப்பிடியில் இரண்டு வாட் வந்தால் நல்லது. ஆனால் சிறிய ரேடியோவுக்கு, சத்தத்தை அளவாக வைத்தால், ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும். கணக்குப் போடுவது என் தொழில், போட்டுக் காட்டுகிறேன். இரண்டு வாட் வீதம் ஒரு நிமிஷம் சுற்றி, அதில் பாதி வழியில் வீணாகிப் போனாலும், மிச்சத்தில் பத்து நிமிஷம் செய்தி கேட்கலாம். இதே கைப்பிடியால் கைத்தொலைபேசிக்கும் சார்ஜ் ஏற்றலாம் என்று பெட்டியின் மேல் படம் போட்டு விற்கிறார்கள். இந்தக் காலத்துப் போனின் பாட்டரி ஏறக்குறைய 15 வாட்-மணி கொள்ளும். இரண்டு வாட் வீதம் ஓயாமல் சுற்றினால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். ஒரு நாள் பால் வெட்டுவதைவிடப் பெரிய வேலை! அவசரத்துக்கு ஒரு வார்த்தை பேசுகிற அளவுக்கு ஏற்றலாம். அதற்கு மேல் நம்பி ஏமாற வேண்டாம்.

ஏழைக்கும் ரேடியோவுக்கும் நடுவில் பாட்டரி நிற்பது இன்று நேற்று வந்த சங்கதியல்ல. எங்கள் தாத்தா சொல்லியிருக்கிறார்: அவர் காலத்தில் தோட்டத்தில் இரண்டே ரேடியோ. ஒன்று துரை பங்களாவில், மற்றொன்று பெரிய கிராணியார் வீட்டில். சாயங்காலம் கிராணியார் வீட்டு வாசலுக்கு வெளியே, படியேறாமல், மண்ணில் உட்கார்ந்துதான் தொழிலாளிகள் தமிழ் ஒலிபரப்பைக் கேட்பார்களாம். அந்தப் பெரிய பாட்டரி இறங்கிவிட்டால், ஒருவர் அதைச் சைக்கிளில் கட்டிப் பட்டணத்துக்கு எடுத்துப் போய் சார்ஜ் போட்டு வர வேண்டும். சுமந்து போனது தாத்தா. வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டது கிராணியார். இன்று நானே அந்த நாற்காலியில் இருக்கிறேன் என்பதால் இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். இன்று ஸாம்பியா என்று சொல்லப்படும் நாடு அன்று வட ரொடீஷியா என்ற பெயரில் பிரிட்டிஷார் ஆட்சியில் இருந்தது. அங்கே செய்தி இலாகாவில் இருந்த ஹாரி ஃபிராங்க்ளின் என்பவர், ஏழை ஜனங்களுக்கென்று மலிவான ரேடியோ ஒன்றைச் செய்விக்கப் பாடுபட்டு, 1949-இல் அது வந்தது. கூடு செய்ய அலுமினியச் சமையல் பாத்திரத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அதற்குச் 'சாஸ்பேன் ஸ்பெஷல்' என்று பெயர் விழுந்தது. விலை 5 பவுன். 300 மணி நேரம் ஓடும் பாட்டரிக்குத் தனியாக 25 ஷில்லிங். 20 ஷில்லிங் கொண்டது ஒரு பவுன் என்பதை நினைத்துப் பாருங்கள். ரேடியோ விலையில் நாலில் ஒரு பங்கை, பாட்டரி தீரும்போதெல்லாம் மறுபடி மறுபடி கொடுக்க வேண்டும்.

நாற்பது ஆண்டுகள் கழிந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1991-இல் இங்கிலாந்தில் டிரெவர் பேலிஸ் என்பவர் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி பார்த்தார். ஆப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோய் பரவுவதைப் பற்றியது. நோயைப் பற்றி ரேடியோ மூலம் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லலாம், ஆனால் மின்சாரம் இல்லை, பாட்டரி வாங்கக் காசில்லை என்று அதில் சொன்னார்கள். அவர் எழுந்து போய்த் தம் பட்டறையில் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு சிறு மோட்டார், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போன்ற ஒரு வில் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டினார். வில் பிரியும்போது மோட்டாரைச் சுழற்றும். அது டைனமோவாகி மின்சாரம் தரும். முதலில் செய்தது 14 நிமிஷம் பேசியது. அதைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார், யாரும் சீந்தவில்லை. 1994-இல் பிபிசி தொலைக்காட்சியில் காட்டிய பிறகே கண் திறந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரில் ஆலை ஏற்பட்டது. அங்கே உடல் ஊனமுற்ற தொழிலாளர்களுக்கு வேலை கொடுத்தார்கள் என்பதை நம் பத்திரிகையில் குறிப்பிடாமல் இருக்க முடியாது. நன்றாகச் சாவி கொடுத்தால் சுமார் அரை மணி நேரம் பேசிற்று அந்த ரேடியோ.

பேலிஸுக்குப் பெயர் கிடைத்தது. 1997-இல் பிரிட்டிஷ் விருதும் கிடைத்தது. பணம் பெரிதாகக் கிடைக்கவில்லை. பின்னால் கம்பெனி வில்லை விட்டுவிட்டு, கைப்பிடியைச் சுற்றிப் பாட்டரிக்கு ஏற்றுகிற முறைக்கு மாறியது. தம் கண்டுபிடிப்பு தம் கையை விட்டுப் போயிற்று என்று அவர் கடைசிவரை மனம் நொந்து பேசினார். 2018-இல் காலமானார். செய்தவன் ஒருவன், பலன் கொண்டவன் மற்றொருவன் என்பது பால்காட்டில் மட்டும் நடக்கிற அநியாயமல்ல போலும்.

அந்த மாறுதலில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. வில் கெட்டுப் போகாது. ஆனால் ரேடியோ கனமாக இருக்கும். இன்று கடையில் விற்பது இலேசானது. உள்ளே சிறு மின்கலம் உள்ளது. "பாட்டரி தேவையில்லை" என்று சொல்லி விற்றாலும், வாங்க வேண்டிய பாட்டரி இல்லை என்பதே அதன் பொருள். அந்த மின்கலத்தைத் தொடாமல் நாலு வருஷம் பெட்டியில் பூட்டி வைத்தால் அதுவும் செத்துப்போகும். என் சிவப்புப் பெட்டியின் கதை மறுபடி நடக்கும். மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, சில நிமிஷம் சுற்றி, பேச வைத்துப் பார்க்க வேண்டும். சம்பள நாள் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் மறக்காது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. அமெரிக்காவுக்கென்று செய்தவை பல இங்கே வந்து குவிகின்றன. அவற்றில் 'வெதர் பேண்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அது அந்தப் பக்கத்து நாடுகளின் வானிலை ஒலிபரப்புக்கு உரியது. நம் ஊரில் அதை அழுத்தினால் இரைச்சலைத் தவிர வேறொன்றும் வராது. அதற்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். நமக்கு வேண்டியது எஃப்.எம். மின்னல் எஃப்.எம். வருவது அதில்தான். ஆனால் எல்லா ஊரிலும் ஒரே எண்ணில் வராது. தோட்டத்துக்கு எந்த எண்ணில் தெளிவாகக் கேட்கிறது என்பதைக் கண்டுபிடித்து, ரேடியோவின் முதுகில் காகிதம் ஒட்டி எழுதி வைக்க வேண்டும். மலாய் நிலையத்தின் எண்ணையும் எழுத வேண்டும். இன்று லயத்தில் நம்மோடு இந்தோனேசியத் தோழர்களும் வங்காள தேசத்துத் தோழர்களும் குடியிருக்கிறார்கள். தண்ணீர் யாருடைய பாஸ்போர்ட்டையும் பார்த்து வருவதில்லை. மேலே ஒட்டியிருக்கும் சூரிய வெளிச்சத் தகட்டையும் பெரிதாக நம்ப வேண்டாம். வெள்ளக் காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? கைப்பிடிதான் முக்கியம். கடையில் நின்றே விரித்துச் சுற்றிப் பாருங்கள். நொடிக்கு இரண்டு சுற்று வீதம் சுற்றும்போது ஆடினால், கழன்றுவிடும் போலத் தெரிந்தால், வாங்காதீர்கள். உள்ளே பற்சக்கரம் பிளாஸ்டிக்; வேகமாகச் சுற்றினால் அதிக மின்சாரம் வருமென்று முரட்டுத்தனமாகச் சுற்றுபவர் கையில் அது ஒரு வாரம் தாங்காது.

சரி, வாங்கிக் கொடுப்பது யார்? இங்கேதான் எங்கள் கிளையில் விவாதம் கிளம்பியது. நூறு வெள்ளிக்குள்ளேயே நல்லதொன்று கிடைக்கிறது; பன்னிரண்டு கதவுள்ள லயத்தில் வீட்டுக்கு ஒன்பது வெள்ளிகூட ஆகாது; நாமே போட்டு வாங்கிவிடலாம் என்றார் ஒரு மூத்த தோழர். மரியாதையோடு மறுத்தேன். லயம் நிர்வாகத்தின் சொத்து. அது எந்தப் பள்ளத்தில் இருக்க வேண்டுமென்று முடிவு செய்தது நிர்வாகம். அங்கே குடியிருக்கும் ஜனங்களுக்கு ஆபத்துக் காலத்தில் செய்தி போய்ச் சேருவதும் நிர்வாகத்தின் கடமையே. வீட்டு வசதி பற்றிய 446-ஆம் எண் சட்டம் 1990-இல் வந்தது. குடிநீர், மின்சாரம், ஆயாக் கொட்டகை ஆகியவை முதலாளியின் பொறுப்பு என்பதை நாம் அறிவோம். அதில் ரேடியோ என்ற சொல் இல்லை என்று வாதிடுவார்கள். இருக்கட்டும். 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறதே! 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது அது. குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். நம் தோட்டங்களில் இந்தக் குழு காகிதத்தில் இருக்கிறது. கையெழுத்துகூடச் சில இடங்களில் கிராணியே வாங்கிக்கொண்டு போகிறார். (யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, நானும் வாங்கியிருக்கிறேன்.) அடுத்த கூட்டத்தில் நம் பிரதிநிதிகள் இதை எழுத்து மூலம் முன்வைக்க வேண்டும். பேச்சோடு விட்டால் அது குறிப்பில் ஏறாது.

ஆனால் அந்த மூத்த தோழர் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. "நீங்க பேசி முடிக்க ரெண்டு வருஷம் ஆகும் தம்பி; ஆத்துத் தண்ணி அதுவரைக்கும் நிக்குமா?" என்று கேட்டார். நிற்காது. ஆகவே எங்கள் கிளையில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். கீழ்லயம் இரண்டுக்கும் கிளை நிதியிலிருந்து இப்போதே வாங்குவது. ரசீதைப் பத்திரப்படுத்தி நிர்வாகத்திடம் அந்தத் தொகையைக் கோருவது. கொடுக்காவிட்டால் அந்த ரசீதே பாதுகாப்புக் குழுவில் நம் அத்தாட்சியாகட்டும். இது சரியான வழிதானா என்று எனக்கே முழு நிச்சயமில்லை. உங்கள் பணத்தில் வாங்கிக்கொண்டீர்களே, இனி எங்களுக்கென்ன என்று அவர்கள் கையை விரிக்கக்கூடும். ஆயினும் பாட்டி கானில் விழுந்த இரவை நினைத்தால் வேறு முடிவுக்கு மனம் இடங்கொடுக்கவில்லை.

இன்னொன்று. ரேடியோவை ஆபீசிலோ ஸ்டோரிலோ வைக்கக்கூடாது. பூட்டுப் போட்ட அறையில் வைத்தால், சாவி வைத்திருப்பவர் அக்கரையில் மாட்டிக்கொண்ட அன்று வெள்ளம் வரும். லயத்திலேயே, தொழிலாளி வீட்டில், ஆள் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். என் யோசனை, பொறுப்பைப் பெண்களிடம் கொடுப்பது. வெள்ள நேரத்தில் லயத்தில் யார் இருக்கிறார்கள், எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் படுத்த படுக்கையான கிழவர் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆண்கள் அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டிருப்போம்.

ரேடியோவைச் சுற்றிவிட்டால் மட்டும் போதுமா? அங்கே பேசுகிறவர்களும் நமக்கு வேண்டியதைப் பேச வேண்டும். மழை, வெள்ளம் பற்றிய எச்சரிக்கைகளை வானிலைத் துறையும் வடிகால், நீர்ப்பாசனத் துறையும் வெளியிடுகின்றன. படித்த பிள்ளைகள் இணையத்தில் பார்த்துச் சொல்கிறார்கள், போன் இருக்கும்வரை. தமிழ் ஒலிபரப்பில் செய்தி நேரத்தில் சொல்கிறார்கள், அதற்கு நன்றி. அது போதாது. வெள்ளம் ஏறுகிற நாட்களில் மணிக்கொரு முறை, பாட்டை நிறுத்திவிட்டு, ஆற்றின் பெயர், ஊரின் பெயர், எந்தப் பள்ளியில் நிவாரண மையம், எந்தச் சாலை அடைபட்டது என்று தமிழில் வாசிக்க வேண்டும். "ஜொகூரில் சில பகுதிகள்" என்று சொன்னால் கீழ்லயத்திலிருக்கும் அம்மாவுக்கு என்ன விளங்கும்? தலைமையகம் இதை ஒலிபரப்புக்குப் பொறுப்பான அமைச்சிடம் கோரிக்கையாகக் கொண்டுபோக வேண்டும். காசு செலவில்லாத கோரிக்கை இது.

செய்தியெல்லாம் சோற்றுக்கு அப்புறந்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு பேராக் மாநிலத்து வரலாற்றை நினைவூட்டுகிறேன். ஜப்பானியர் காலத்தில், பாப்பான் என்ற சிற்றூரில் மருத்துவத் தாதி சிபில் கார்த்திகேசுவும் டாக்டரான அவர் கணவரும் குடியிருந்தார்கள். காட்டிலிருந்த போராளிகளுக்கு மறைவில் சிகிச்சை செய்தார்கள். கூடவே சிற்றலை ரேடியோ ஒன்றை ஒளித்து வைத்து வெளியுலகச் செய்தி கேட்டார்கள். கண்டுபிடித்தால் உயிர் போகும் என்று தெரிந்தே கேட்டார்கள். 1943-இல் அந்த அம்மையாரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள். போர் முடிந்து விடுதலையானவருக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது, ஆனால் உடம்பு தேறவில்லை, 1948-இல் காலமானார். அரிசிக்கே பஞ்சமான அந்தக் காலத்தில், செய்தி கேட்பதற்காக உயிரைப் பணயம் வைத்தவர்கள் நம் மண்ணில் இருந்தார்கள். நம்மிடம் யாரும் உயிரைக் கேட்கவில்லை. மாதத்துக்கு ஒரு முறை கைப்பிடியைச் சுற்றச் சொல்கிறேன்.

பாட்டி இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். கம்பு ஊன்றி நடக்கிறார். போன மாதம் பார்க்கப் போனபோது, கிளை வாங்கிய ரேடியோவில் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். கைப்பிடியைத் தாமே சுற்றிப் பார்த்தார். "நல்லா இருக்குது. எங்க வைக்கப் போறீங்க, மறுபடி அந்தச் செவப்புப் பொட்டியிலயா?" என்று கேட்டார். இல்லை, கீழ்லயம் நாலாம் வீட்டில் என்றேன். நாலாம் வீட்டுப் பெண் பொறுப்பானவள்தான் என்று சொல்லிவிட்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

ஸ்டோர் கணக்குப் புத்தகத்தில் பழைய ரேடியோவைக் கழித்து எழுதிவிட்டேன். காரணம் எழுதும் இடத்தில் "சோதிக்கப்படாமல் கெட்டது" என்று எழுதி, என் கையெழுத்தையும் போட்டேன். மானேஜர் அதைப் பார்த்து, "இப்படியெல்லாம் எழுதணுமா?" என்றார். எழுத வேண்டும் என்றேன். இரண்டு ரேடியோவுக்கான ரசீதோடு நிர்வாகத்துக்குக் கடிதம் போய் ஐந்து வாரம் ஆகிறது. பதில் வந்ததும் இதே பக்கத்தில் தெரிவிக்கிறேன். மற்றக் கிளைகளில் யாரேனும் இதற்கு முன்பே கேட்டு வாங்கியிருந்தால், எப்படிக் கேட்டீர்கள் என்பதை ஆசிரியருக்கு எழுதுங்கள்.